மண்டை ஓட்டை ஸ்கேனில் அளப்பது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

நாள் முழுக்கத் தலை ஸ்கேன்களைத் திறந்து வைத்துக்கொண்டு புள்ளி வைப்பதும் அளப்பதும்தான் என் பிழைப்பு. ஆய்வு மாணவர்கள், பல் சீரமைப்பு படிப்பவர்கள், தடயவியலில் ஆர்வம் உள்ளவர்கள், குழந்தையின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறதே என்று பயந்துபோன பெற்றோர் என்று பலரும் கேட்பதை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். வரிசை எல்லாம் பெரிதாகப் பார்க்கவில்லை. உங்களுக்கு எது வேண்டுமோ அதற்குத் தாவிவிடுங்கள்.

மண்டை ஓட்டை எதற்காக அளக்கிறார்கள்?

பல பேர் பல காரணத்துக்காக. தாடையை வெட்டி நகர்த்தப்போகும் அறுவை மருத்துவருக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். விபத்தில் மண்டையில் ஒரு துண்டு போய்விட்டால், அந்த ஓட்டையை மூடும் தகட்டை நல்ல பக்கத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் பார்த்துத்தான் செய்கிறார்கள். தடயவியலில் கிடைத்த எலும்பு ஆணுடையதா பெண்ணுடையதா என்று மதிப்பிடுவார்கள். மானிடவியலில் மனித இனம் பரவிய வழியைத் தேடுவார்கள். ஹெல்மெட், முகக்கவசம் வடிவமைப்பவர்களுக்கும் இந்த அளவுகள் வேண்டும். கேள்வி மாறினால் அளக்க வேண்டிய இடமும் மாறும் என்பதால், ‘தலையை அளந்து கொடுங்கள்’ என்று மொட்டையாக வந்து நிற்பவரிடம் நான் முதலில் கேட்பது ‘எதுக்கு?’ என்றுதான்.

ஸ்கேன் வருவதற்கு முன்னால் எப்படி அளந்தார்கள்?

வளைந்த கால் கொண்ட காலிப்பரை வைத்து, உலர்ந்த மண்டை ஓட்டைக் கையில் பிடித்து. ஸ்வீடன் நாட்டு உடற்கூற்றியலாளர் ஆண்டர்ஸ் ரெட்சியஸ் 1840களில் தலையின் அகலத்தையும் நீளத்தையும் ஒப்பிடும் சுட்டெண்ணைக் கொண்டுவந்தார், அது இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியாக, தலையை ஒரு தாங்கியில் அசையாமல் நிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். உயிரோடு இருப்பவரின் மண்டை எலும்பை ஒழுங்காக அளக்க வழி பிறந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் எக்ஸ்ரே ஒரு நிழல்படம். இடது தாடையும் வலது தாடையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், படம் கொஞ்சம் பெரிதாகவும் இருக்கும், ஆழம் சுத்தமாகத் தெரியாது.

1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர் உருவாக்கிய சிடி இயந்திரம் முதல் நோயாளியின் தலையைக் குறுக்கே ‘வெட்டி’ப் படம் எடுத்தது. அப்போது ஒரு படம் 80க்கு 80 கட்டங்கள்தான். இன்று சாதாரணமாக 512க்கு 512.

எந்த ஸ்கேன் நல்லது? சிடியா, எம்ஆர்ஐயா, பல் மருத்துவமனைகளில் எடுக்கும் கோன் பீம் சிடியா?

எலும்பை அளக்க என்றால் சிடி. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

எம்ஆர்ஐயில் கெட்டியான எலும்பு கறுப்பாகத்தான் விழும், ஏனென்றால் அதிலிருந்து வரும் சமிக்ஞை வந்த வேகத்தில் மறைந்துவிடுகிறது. காற்றும் கறுப்பு. நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைக்குப் பக்கத்தில் எலும்பு எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முயன்றவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். போதாக்குறைக்குப் படத்தின் ஓரங்களில் வடிவம் லேசாக இழுபடும், அதைத் திருத்தும் வசதியை இயக்கினார்களா என்று பார்க்க வேண்டும். எலும்பைக் காட்டுவதற்கென்றே சில எம்ஆர்ஐ முறைகள் வந்திருக்கின்றன. கதிர்வீச்சு கிடையாது என்பதால் குழந்தைகளுக்கு அவை வரப்பிரசாதம்.

கோன் பீம் சிடி தாடைக்கும் முகத்துக்கும் நன்றாக இருக்கும், கதிர்வீச்சும் பொதுவாகக் குறைவு. ஆனால் பல இயந்திரங்களில் உச்சந்தலை படத்துக்குள்ளேயே வராது. அதிலுள்ள சாம்பல் நிற எண்களையும் சிடி எண்களைப் போல நம்பக் கூடாது.

அளப்பதற்காகவே ஒரு சிடி எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பெரியவர் ஒருவருக்குத் தலை சிடி எடுத்தால் ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு உடம்பில் ஏறும். உலக சராசரியில் ஒரு மனிதர் இயற்கையாகவே ஆண்டுக்குப் பெறுவது சுமார் 2.4. பயப்படும் அளவு இல்லைதான், ஆனாலும் ‘சும்மா பார்க்கலாமே’ என்று ஏற்றிக்கொள்ளும் விஷயம் இல்லை. ஆய்வுகளில் நாங்கள் பெரும்பாலும் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே எடுத்த ஸ்கேன்களைத்தான் முறையான அனுமதியோடு பயன்படுத்துகிறோம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: தலையில் அடிபட்டவர், தலைவலிக்காரர், கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர் என்று இவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு காரணத்துக்காக இயந்திரத்துக்குள் போனவர்கள். அவர்களின் சராசரியை ஊர் உலகத்துச் சராசரி என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்க வேண்டும்.

படத்தில் எலும்பு எங்கே தொடங்குகிறது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

சிடி படத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில் ஓர் எண் இருக்கும். தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, கெட்டியான எலும்பு 1000ஐ ஒட்டியும் அதற்கு மேலும். தலைத்தோலும் தசையும் 40, 50 என்று நிற்கும். கோடு போட்டதுபோல் 50இலிருந்து திடீரென்று 1000க்குப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்! போகாது. படத்தை நன்றாகப் பெரிதாக்கித் தோலிலிருந்து எலும்பை நோக்கி அம்புக்குறியை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திப் பாருங்கள்: 45, 60, 210, 560, 890, 1050 என்று படிப்படியாக ஏறும். இதில் எலும்பின் விளிம்பு எது?

இரண்டு பக்கத்து எண்களின் நடுமதிப்பை எல்லையாக வைப்பது ஒரு நல்ல வழக்கம். தோல் 40, எலும்பு 1000 என்றால் 520. மென்பொருள் தானாகத் தரும் எல்லை பெரும்பாலும் 200, 250 என்று தாழ்வாகவே இருக்கும். மெல்லிய எலும்பும் தொலைந்துபோகக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதையே வைத்து அளந்தால் மண்டை ஓடு எல்லாப் பக்கமும் லேசாக ‘ஊதி’ இருக்கும். கண்குழியின் அடித்தளம் மாதிரி இடங்களில் எலும்பு காகிதம்போல் மெல்லியது. அங்கே ஒரே கட்டத்துக்குள் எலும்பும் காற்றும் கொழுப்பும் கலந்து எண் தாழ்ந்துவிடுவதால், எல்லையை 520இல் வைத்தால் முப்பரிமாணப் படத்தில் பெரிய ஓட்டை தெரியும். எலும்பு முறிந்துவிட்டது என்று நினைத்து ஒரு மாணவர் பதறிப்போய் வந்தது நினைவிருக்கிறது. முறிவும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லையைக் கொஞ்சம் இறக்கியதும் ஓட்டை மூடிக்கொண்டது.

ஆக ஒரே எல்லை மண்டை முழுவதற்கும் பொருந்தாது. எதை வைத்தீர்களோ அதை எழுதி வையுங்கள், எல்லாத் தலைக்கும் அதையே வையுங்கள்.

எவ்வளவு மெல்லிய ஸ்லைஸ் வேண்டும்?

ஸ்லைஸ் என்பது ஸ்கேன் தரும் ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படமும். அதன் தடிப்பு 1 மில்லிமீட்டரோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். 0.6 கிடைத்தால் சந்தோஷம். 5 மில்லிமீட்டர் தடிப்பில் எடுத்ததை வைத்து மண்டையின் உயரத்தை அளந்து, அதைத் தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கத்தோடு எழுதுபவர்களைப் பார்த்தால் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

ஸ்லைஸின் தடிப்பு வேறு, இரண்டு ஸ்லைஸ்களுக்கு இடையிலான தூரம் வேறு. 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஸ்லைஸ்களை 0.5 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அடுக்குவது சாதாரணம். தூரம் என்று கேட்ட இடத்தில் தடிப்பை எடுத்துக்கொள்ளும் மென்பொருளில் அதைத் திறந்தால் தலை சுரைக்காய் மாதிரி இரண்டு மடங்கு உயரமாக நிற்கும். அவ்வளவு கோரமாக வந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். 0.625க்கும் 0.6க்கும் உள்ள வித்தியாசம்தான் கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றும்.

ஸ்கேனில் தலை சாய்ந்திருந்தால் அளவு தப்பாகிவிடாதா?

இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான நேர்கோட்டுத் தூரம் மாறாது, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் அது அதேதான். ஆனால் ‘அதிகபட்ச உயரம்’, ‘மிகவும் பின்னால் தள்ளியிருக்கும் புள்ளி’ என்று திசையை வைத்துச் சொல்லும் அளவுகள் எல்லாம் மாறிவிடும். அதனால் முதல் வேலையே தலையை நிமிர்த்துவதுதான்.

அதற்கு ஒரு பொதுத் தளம் உண்டு. காதுத் துவாரத்தின் மேல் விளிம்பையும் கண்குழியின் கீழ் விளிம்பையும் இணைத்து, இந்தத் தளம் கிடைமட்டமாக இருக்கட்டும் என்று ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்தில் கூடிய மானிடவியலாளர்கள் ஒப்புக்கொண்டார்கள், அந்த உடன்பாடு 1884இல் வெளியானது. பெயரும் பிராங்க்பர்ட் தளம் என்றே நின்றுவிட்டது. மூன்று புள்ளி இருந்தால் ஒரு தளம் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. இரண்டு காதும் இடது கண்குழியும் சேர்ந்தால் மூன்று. நான்காவது புள்ளியான வலது கண்குழி பெரும்பாலும் அந்தத் தளத்தில் சரியாக உட்காராது, ஏனென்றால் எல்லோருடைய முகமும் கொஞ்சம் கோணல்தான். உங்களுடையதும் என்னுடையதும் சேர்த்து.

கேன்ட்ரி சாய்வு என்கிறார்களே, அது என்ன?

நான் நன்றாக அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கண்ணின் வில்லையில் கதிர் நேராகப் படாமல் இருக்கச் சிடி இயந்திரத்தின் வளையத்தையே (அதுதான் கேன்ட்ரி) சாய்த்து வைத்துத் தலையைப் படம் எடுக்கும் வழக்கம் உண்டு. மேசை நேராக நகரும், வெட்டுகள் மட்டும் சாய்வாக விழும். சீட்டுக்கட்டை மேசையில் வைத்து ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டால் எப்படிச் சரிந்து நிற்குமோ அப்படித்தான் அந்த ஸ்லைஸ்கள் உண்மையில் இருக்கின்றன. மென்பொருள் இந்தச் சாய்வைக் கவனிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கிவிட்டால் தலையின் வடிவமே சரிந்துபோகும். 15 டிகிரி சாய்வில் மேசை 150 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால், உச்சிக்கும் அடிக்கும் இடையே கிட்டத்தட்ட 39 மில்லிமீட்டர் முன்பின் நகர்வு விடுபட்டுப்போகிறது.

இதில் மோசம் என்னவென்றால் சரிவு முன்பின் திசையில் மட்டும்தான். அகலம் ஒழுங்காக வரும். முன்னாலிருந்து பார்த்தால் முகம் ஓரளவு சரியாகவே இருக்கும், சந்தேகமே தட்டாது. நான் 40க்கும் மேற்பட்ட தலைகளை அளந்து முடித்த பிறகு, இந்தத் தொகுப்பில் மட்டும் நெற்றி ஏன் எல்லோருக்கும் ஒரே மாதிரி பின்னால் போகிறது என்று யோசித்துப் பக்கவாட்டுப் படத்தைத் திறந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். இப்போதெல்லாம் ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கும் டைகாம் கோப்பைத் திறந்தவுடன் கேன்ட்ரி சாய்வு என்ற வரியைத்தான் முதலில் பார்ப்பேன். 0 என்றிருந்தால் மேலே போவேன். இல்லையென்றால் திருத்திவிட்டுத்தான் அடுத்த வேலை.

புள்ளிகளை எங்கே வைப்பது? பெயர் எல்லாம் வாயில் நுழையவில்லையே.

பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம், பாதிக்கு மேல் கிரேக்கம். நேசியன் என்பது நெற்றி எலும்பும் மூக்கெலும்புகளும் சந்திக்கும் இடம், அதாவது மூக்கின் வேர். கிளபெல்லா இரண்டு புருவ மேடுகளுக்கு நடுவில் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் இடம். பிரெக்மா உச்சந்தலையில், குழந்தைக்கு உச்சிக்குழி இருந்த இடத்தில். பேசியன் தண்டுவடம் வெளியேறும் பெருந்துளையின் முன்விளிம்பு. பிடரியில் கிளபெல்லாவிலிருந்து மிகவும் தள்ளியிருக்கும் புள்ளிக்கு ஒபிஸ்தோகிரேனியன் என்று பெயர். நானே இதைத் தடுமாறாமல் சொல்ல ஒரு மாதம் ஆனது.

எல்லாப் புள்ளியும் ஒரே தரம் இல்லை. எலும்புத் தையல்கள் (மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் கோடுகள்) சந்திக்கும் பிரெக்மா மாதிரிப் புள்ளியை நீங்கள் வைத்தாலும் நான் வைத்தாலும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் விழும். வளைந்து நெளிந்து ஓடும் அந்தத் தையல் கோடுகளைப் பக்கத்தில் பார்த்தால் யாரோ அவசரத்தில் கிறுக்கியதுபோல இருக்கும், தலையெழுத்து என்ற சொல் தானாக நினைவுக்கு வரும். வயதானவர்களுக்குத் தையல் மறைந்துபோய்ப் புள்ளியைத் தேட வேண்டியிருக்கும், அது வேறு கதை. ஆனால் மண்டையின் மிக அகலமான இடமான யூரியனுக்கு எலும்பில் எந்த அடையாளமும் கிடையாது. அகலத்தைத் தேடும்போது எங்கே அதிகமாக வருகிறதோ அதுதான் யூரியன். ஒருவருக்கு அது உச்சி எலும்பில் விழும், இன்னொருவருக்குக் காதுக்கு மேலே உள்ள பொட்டெலும்பில். இந்த மாதிரிப் புள்ளிகளில் தூரத்தை நம்பலாம், இடத்தை நம்பக் கூடாது.

தலைச் சுட்டெண் எப்படிக் கணக்கிடுவது?

அகலத்தை நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வந்துவிடும். ஓர் ஓட்டின் நீளம் 182 மில்லிமீட்டர், அகலம் 141 என்று வைத்துக்கொள்வோம். 77.5 வரும். 75க்குக் கீழே நீள்தலை, 75 முதல் 80 வரை நடுத்தரம், அதற்கு மேல் அகலத்தலை என்பது பழைய வகைப்பாடு.

இப்போது இதே ஆளின் தலையைத் தோலின்மேல் அளப்போம். சுற்றிலும் தோலும் சதையும் 6 மில்லிமீட்டர் இருந்தால் நீளம் 194, அகலம் 153, சுட்டெண் 78.9. ஆள் அதே ஆள்தான், எலும்பும் அதேதான், எண் மட்டும் 1.4 கூடிவிட்டது. தோலின்மேல் அளந்த ஆய்வையும் எலும்பில் அளந்த ஆய்வையும் ஒரே அட்டவணையில் பக்கம் பக்கமாக வைத்து ‘வித்தியாசம் இருக்கிறது’ என்று முடிவு கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் தோலில்தான் இருந்தது.

அப்படியென்றால் இந்த எண்ணை வைத்து ஒருவர் எந்த இனம் என்று சொல்ல முடியாதா?

சொன்னார்கள், நூறு ஆண்டுக்கு மேல் சொன்னார்கள், அதை வைத்து மனிதர்களை மேல் கீழ் என்று அடுக்கவும் செய்தார்கள். இந்தத் துறையின் வரலாற்றில் பெருமைப்பட முடியாத பகுதி அது. பிலடெல்பியாவில் சாமுவேல் மோர்ட்டன் என்ற மருத்துவர் மண்டை ஓடுகளுக்குள் விதைகளை நிரப்பிக் கொள்ளளவு பார்த்து 1839இல் புத்தகமே போட்டார், பிறகு விதைக்குப் பதில் ஈயக் குண்டுகளுக்கு மாறினார்.

ஃபிரான்ஸ் போவாஸ் என்ற மானிடவியலாளர் 1908 முதல் 1910 வரை அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் சேர்த்து ஏறத்தாழ 18,000 பேரின் தலைகளை அளந்தார். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம், வெளிநாட்டில் பிறந்தவர்களுடையதிலிருந்து வேறுபட்டது. இனத்தின் மாறாத முத்திரை என்று நினைத்திருந்த ஒன்று ஒரே தலைமுறையில் அசைந்தது பெரிய அதிர்ச்சிதான். அந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. 2002இலும் 2003இலும் அதே தரவை மறுபடி அலசிய இரண்டு குழுக்கள் வேறு வேறு முடிவுக்கு வந்தன. பல மண்டையோட்டு அளவுகளைச் சேர்த்துப் பார்த்தால் மக்கள் கூட்டங்களுக்கு இடையே சராசரி வேறுபாடுகள் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் ஆளுக்கு ஆள் அதைவிடப் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஒரே சுட்டெண்ணைக் காட்டி ‘இவர் இன்னார்’ என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுங்கள்.

பெரிய மண்டை என்றால் புத்திசாலியா?

இல்லை. வளர்ந்தவர்களுக்கு மண்டையின் உட்கொள்ளளவு பெரும்பாலும் 1200 முதல் 1700 மில்லிலிட்டருக்குள் இருக்கும். மூளை அளவுக்கும் அறிவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் பெருங்கூட்டத்தில் ஒரு மெல்லிய தொடர்பு தெரியும். ஒரு தனி மனிதரைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. நியாண்டர்தால்களின் கொள்ளளவு நம்முடையதற்குச் சற்றும் குறைந்ததில்லை, சிலருக்கு அதிகம்கூட.

மண்டையின் மேடுபள்ளத்தைத் தடவி குணத்தைச் சொல்லும் பழைய ‘கலை’யைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அது பொய். விட்டுவிடுங்கள்.

கொள்ளளவுக்கு உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. வயதாக ஆக மூளை சுருங்கும், மண்டை சுருங்காது. அதனால் ஒருவரின் மூளை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்க்க அவருடைய மண்டையின் கொள்ளளவையே அளவுகோலாக வைக்கலாம். அதை அளக்கும்போது அடியிலுள்ள பெருந்துளையை ஒரு தளம் வைத்து மூட வேண்டும், இல்லையென்றால் கணினி நிரப்பும் ‘தண்ணீர்’ கழுத்து வழியாக ஒழுகிப் படம் முழுக்கப் பரவிவிடும். முதல் தடவை எல்லோருக்கும் ஒழுகும்.

என் குழந்தையின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் தேவைப்படாது. முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் கையால் தடவிப் பார்த்தே நிறையச் சொல்லிவிடுவார். நான் அளப்பவன், மருத்துவன் இல்லை. பொதுவான விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

திடீர்ச் சிசு மரணத்தைத் தடுக்கக் குழந்தையைக் குப்புறப் போடாமல், மல்லாந்தோ ஒருக்களித்தோ தூங்க வையுங்கள் என்று 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு அறிவுறுத்தியது, பிறகு மல்லாந்து மட்டும் என்றானது. அந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன, கூடவே பின்மண்டை தட்டையான குழந்தைகள் அதிகமானார்கள். இது படுக்கும் நிலையால் வருவது, உயிருக்கு ஆபத்தில்லை. தட்டையாகிறதே என்று குழந்தையைக் குப்புறப் போட்டுத் தூங்க வைக்காதீர்கள்.

அரிதாக, மண்டையோட்டுத் தையல் ஒன்று சீக்கிரமே மூடிக்கொள்வதாலும் வடிவம் மாறும். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் குழந்தையை உச்சந்தலைக்கு மேலிருந்து பாருங்கள். படுத்துப் படுத்துத் தட்டையானால் தலை இணைகரம்போல ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். தட்டையான பக்கத்துக் காதும் நெற்றியும் முன்னால் வந்திருக்கும். பிடரித் தையல் மூடியிருந்தால் வடிவம் சரிவகம்போல இருக்கும், அந்தப் பக்கக் காது பெரும்பாலும் பின்னாலோ கீழேயோ இழுபட்டிருக்கும். நடுவகிட்டுத் தையல் மூடுவதுதான் இந்த வகையில் அதிகம். அப்போது தலை அகலத்தில் வளர முடியாமல் படகுபோல நீண்டுவிடும். மூடிய தையலுக்குக் குறுக்கே வளர்ச்சி தடைபடும், தையல் ஓடும் திசையில் வளர்ச்சி கூடும் என்று ஜெர்மன் மருத்துவர் விர்ஹோ 1851லேயே சொல்லிவிட்டார்.

கோணலை அளக்கத் தலையின் இரண்டு மூலைவிட்டங்களை அளந்து வித்தியாசத்தைச் சதவீதமாகச் சொல்வார்கள். சிலர் நீளமான மூலைவிட்டத்தால் வகுக்கிறார்கள், சிலர் குட்டையானதால். இரண்டு இடத்தில் அளந்து இரண்டு எண் வந்தால், குழந்தைக்கு மோசமாகிவிட்டது என்று அழுவதற்கு முன்னால் எதால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள்.

ஒரே ஸ்கேனை இரண்டு முறை அளந்தால் வேறு வேறு எண் வருகிறது. நான் தப்பு செய்கிறேனா?

எல்லோருக்கும் வரும். எவ்வளவு வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் முக்கியம். டால்பெர்க் என்ற ஆய்வாளர் 1940இல் கொடுத்த எளிய வழி இருக்கிறது: ஒவ்வொரு தலையையும் இரண்டு தடவை அளந்து, வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி, தலைகளின் எண்ணிக்கையைப்போல இரண்டு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். ஐந்து தலைகளில் வித்தியாசம் 0.4, 0.6, 0.2, 1.0, 0.2 மில்லிமீட்டர் என்றால் வர்க்கங்களின் கூட்டல் 1.6. அதைப் பத்தால் வகுத்தால் 0.16, மூலம் எடுத்தால் 0.4 மில்லிமீட்டர். உங்கள் கையின் பிழை அவ்வளவு. ஐந்து தலை விளக்கத்துக்கு மட்டும், நிஜத்தில் இருபதுக்குக் குறையாமல் செய்யுங்கள். முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள், இல்லையென்றால் புள்ளி வைத்த இடம் மனதில் நிற்கும்.

நீளம் அகலத்தைத் தாண்டி ‘வடிவம்’ என்று தனியாக அளக்க முடியுமா?

முடியும். எல்லாத் தலைகளிலும் ஒரே பட்டியல்படி புள்ளிகளை வைத்து, பிறகு அவற்றை நகர்த்தி, சுழற்றி, அளவில் சமமாக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். புரொக்ரஸ்டீஸ் பொருத்தம் என்று பெயர். கிரேக்கக் கதையில் வந்த விருந்தாளிகளைக் கட்டிலின் நீளத்துக்கு இழுத்தோ வெட்டியோ சரிசெய்வானே, அந்த ஆளின் பெயர்தான். பொருத்திய பிறகும் மிச்சமிருக்கும் வித்தியாசம் வடிவத்துடையது. புள்ளியே இல்லாத வழுவழுப்பான உச்சிப் பரப்பில், பரப்பின்மேல் வழுக்கிப்போய் இடம் பிடிக்கும் அரைப்புள்ளிகளைத் தூவுவார்கள். அழகான முறை. ஆனால் ஒரு புள்ளியை மட்டும் தப்பாக வைத்தாலும் பொருத்தத்தின்போது அந்தப் பிழை மற்ற எல்லாப் புள்ளிகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிவிடும்.

இதையெல்லாம் கணினியே தானாகச் செய்துவிடாதா?

செய்கிறது, பல புள்ளிகளில் நன்றாகவே செய்கிறது. களைப்படையாது, ஒரே படத்தை எத்தனை முறை கொடுத்தாலும் அதே இடத்தில் வைக்கும். பல்லில் உலோகம் இருந்து படத்தில் கோடு கோடாகக் கதிர் பரவியிருந்தாலும், பிறவியிலேயே எலும்பு வேறு மாதிரி இருந்தாலும் அது தடுமாறும், தடுமாறுகிறேன் என்று சொல்லவும் செய்யாது. நான் கணினி வைத்த புள்ளிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் மூன்று திசையிலும் பார்த்துவிட்டுத்தான் விடுவேன்.

வீட்டிலேயே பழக என்ன மென்பொருள் வேண்டும்?

3டி ஸ்லைசர், இன்வெசாலியஸ் இரண்டும் இலவசம். கற்றுக்கொள்ளவும் ஆய்வுக்கும் தாராளமாகப் போதும், அதில் அளந்ததை வைத்து யாருக்கும் சிகிச்சை முடிவு செய்யாதீர்கள். படத்தின் இடது பக்கம் நோயாளியின் வலது பக்கம், அவர் நமக்கு எதிரில் நிற்பதுபோல. இதை மறந்து இடம் வலம் மாற்றி எழுதாத ஆளே கிடையாது.

பெயரை நீக்கிவிட்டால் ஸ்கேனைப் பிறரோடு பகிரலாமா?

கோப்பில் பெயரை அழிக்கலாம், முகத்தை என்ன செய்வீர்கள்? எல்லையைத் தோலின் எண்ணுக்கு இறக்கினால் மூக்கும் உதடும் கன்னமுமாக ஆள் திரையில் வந்து நிற்பார். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 84 பேரின் எம்ஆர்ஐயிலிருந்து உருவாக்கிய முகங்களை, முகம் அறியும் மென்பொருள் புகைப்படங்களோடு ஒப்பிட்டு 70 பேரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. முகத்தை மறைக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் நாம் அளக்க வேண்டிய நேசியனும் கிளபெல்லாவும் அதோடு சேர்ந்து போய்விடக்கூடும். அதனால் எனக்கு ஸ்கேனை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

ஆய்வறிக்கையில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

எண்ணை மட்டும் எழுதினால் அது யாருக்கும் உதவாது. என் குறிப்பேட்டில் ஒரு தலைக்கான வரி இப்படித்தான் இருக்கும்: ‘அதிகபட்ச நீளம் 182.3 மி.மீ., கிளபெல்லாவிலிருந்து ஒபிஸ்தோகிரேனியன் வரை, எலும்பில். பிராங்க்பர்ட் தளம், இடது கண்குழி. தடிப்பு 0.6, இடைவெளி 0.5. கேன்ட்ரி 0. எல்லை 520. இரண்டு தடவை, 9 நாள் இடைவெளி, வித்தியாசம் 0.3.’ கடைசியில் இருக்கும் அந்த 0.3ஐத்தான் பலரும் எழுத மறந்துவிடுகிறார்கள்.